கோழிக்கறியும் கல்சியம் குளிசையும்: பூனைக்கு இது போதுமா?

பண்டாரவளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு பூனை. பெரியதற்கு மூன்று வயது, குட்டிக்கு நாலு மாதம். இறக்குமதித் தீனியின் விலை கட்டுப்படியாகாததால் இரண்டுக்கும் கோழி நெஞ்சுக்கறியும் கொஞ்சம் ஈரலும் பச்சையாகவே கொடுத்து வருகிறார். பச்சை இறைச்சி கொடுத்தால் சத்து மருந்தும் சேர்க்க வேண்டும் என்று எங்கோ வாசித்துவிட்டு, தனக்குக் கர்ப்பக் கிளினிக்கில் கொடுத்து மிஞ்சிய கல்சியம் லக்டேட் குளிசையையும் பார்மசியில் வாங்கிய மல்டிவிற்றமினையும் பொடித்துத் தூவுகிறார். இது போதுமா, வேறு எந்தப் பவுடர் வாங்க வேண்டும் என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: குட்டி இப்போது முன்போலப் பாய்ந்து ஏறுவதில்லை, இடுப்பில் கை வைத்துத் தூக்கினால் கத்துகிறது.

பவுடரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் உண்மையில் கேட்க வேண்டியது, தூள் தூவினால் கோழிக்கறி முழு உணவாகிவிடுமா என்பதுதான். ஆகாது. பெரிய பூனைக்கு ஓரளவு ஆக்கிக்கொள்ளலாம், அதற்கும் தராசும் கணக்கும் வேண்டும். குட்டிக்கு வீட்டில் செய்யவே கூடாது. அந்தக் கடைசி வரி மிச்சம் எல்லாவற்றையும் விட அவசரம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எலும்பில்லாத இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. ஒன்றுக்குப் பதினைந்து, இருபது என்ற விகிதத்தில்தான் கல்சியம் இருக்கும். உடம்புக்குத் தேவை ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் இதயமும் தசையும் ஓடாது. அதனால் கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்துக்குக் கல்சியம் கொடுக்கிறது. வளர்ந்த பூனை இதைப் பல மாதம் தாக்குப்பிடிக்கும். வளரும் குட்டி தாங்காது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நிழல் மாதிரி மங்கலாகத் தெரியும். கட்டிலிலிருந்து குதித்ததற்கே தொடை எலும்பு மடிந்து போகும், முதுகெலும்பு நசுங்கினால் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். வெறும் இறைச்சியில் வளர்ந்த நாலு மாதக் குட்டி குதிக்க மறுத்து, தொட்டால் கத்தினால் ஒரு மிருக வைத்தியருக்கு முதலில் தோன்றுவது இதுதான். அடிபட்டிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். எழுத்தை வாசித்து அதை நான் தீர்மானிக்க முடியாது, எக்ஸ்ரே தேவை. பக்கத்தில் வசதி இல்லாவிட்டால் பேராதனை விலங்கு மருத்துவ பீடத்தின் வைத்தியசாலைக்குக் கொண்டு போகலாம். அதுவரை ஏறிக் குதிக்க முடியாதபடி கூட்டிலோ பெரிய பெட்டியிலோ மெத்தென்று துணி போட்டு வைத்திருங்கள். தூக்கும்போது நெஞ்சையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஏந்துங்கள். வலிக்கிறதே என்று பரசிட்டமோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்குக் கால் குளிசைகூட உயிரைப் பறிக்கலாம். இன்றைக்கே பூனைக்குட்டிகளுக்கான முழுமையான கடைத்தீனிக்கு மாற்றுங்கள். மேலதிகக் கல்சியம் வேண்டுமா என்பதை எக்ஸ்ரே பார்த்தவர் சொல்லட்டும். எலும்பு நசுங்கியிருக்காவிட்டால், சரியான தீனியில் சில வாரங்களிலேயே இறுகத் தொடங்கும்.

நீங்கள் தூவிய கல்சியம் குளிசை ஏன் உதவவில்லை? 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேட் குளிசை ஒன்றில் உண்மையான கல்சியம் 40 மில்லிகிராம்கூட இல்லை. ஒரு கிலோ எலும்பில்லாத கறியைச் சமன் செய்யச் சுமார் 2 கிராம் கல்சியம் வேண்டும், அதாவது ஐம்பது குளிசை. பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று மலைநாட்டில் மாடு வைத்திருக்கும் வீடுகளில் சொல்வார்கள். பாலில் கல்சியம் இருக்கிறது, கூடவே பொஸ்பரசும் இருக்கிறது. ஒரு பூனை ஒரு நாளில் தின்னும் கறியைப் பாலால் மட்டும் சமன் செய்யப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் குடிக்க வேண்டி வரும். பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு அவ்வளவு பால் செரிக்காது, வயிற்றோட்டம்தான் மிஞ்சும்.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் பேராதனையில் படித்த மிருக வைத்தியர். ஆரம்பத்தில் மாட்டு வைத்தியம்தான் அதிகம், நாயும் பூனையும் பிறகு வந்தன. போஷாக்கில் தனிச் சிறப்புப் பட்டம் எனக்கு இல்லை. கீழே வரும் தேவை அளவுகள் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2006-இல் வெளியிட்ட பரிந்துரைகளை ஒட்டியவை, உலகெங்கும் பூனைத் தீனிக் கணக்குக்கு அடிப்படையாக இருப்பவை. கணக்குக்கு நான் எடுத்துக்கொள்வது நாளைக்கு 250 கலோரி தின்னும் நாலு கிலோ வளர்ந்த பூனை. சிறுநீரகம், ஈரல், இதயம் ஏதாவது பழுதான பூனைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

பூனை எலியைப் பிடித்தால் கறியை மட்டும் தின்பதில்லை. எலும்பு, ஈரல், இதயம், இரத்தம், குடல் எல்லாம் உள்ளே போகிறது. நாம் கோழிக்கடையில் தோல் உரித்த நெஞ்சுக்கறி கேட்டு வாங்கும்போது அந்த எலியில் முக்கால்வாசியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். சப்ளிமென்ட் என்பது விட்டதைத் திருப்பி வைக்கும் வேலை. எதை விட்டோம் என்று தெரியாமல் மல்டிவிற்றமின் தூவினால் தேவையானது சேராது, தேவையில்லாதது சேரும்.

முதலில் டோரின். இதில் சந்தேகமே கிடையாது. மனிதரும் நாயும் உடம்பிலேயே போதுமான அளவு செய்துகொள்ளும் இந்தச் சத்தைப் பூனையால் மிகக் கொஞ்சமாகத்தான் செய்ய முடியும். பித்தநீர் வழியாகவும் ஓயாமல் இழந்துகொண்டிருக்கும். டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1975-இலேயே தெரிந்துவிட்டது. 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் போல் பியோனும் கூட்டாளிகளும், பூனைகளில் இதயத் தசை மெலிந்து வீங்கும் நோய்க்கும் இதே குறைதான் காரணம் என்று காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடைத்தீனி. அதற்குப் பிறகுதான் கம்பனிகள் தீனியில் டோரின் அளவைக் கூட்டின, அந்த இதய நோயும் அரிதாகிப்போனது. நேரத்தோடு கண்டுபிடித்தால் இதயம் பல சமயம் தேறிவிடும், போன பார்வை திரும்பாது. கோழியில் தொடைக்கறியிலும் இதயத்திலும் டோரின் அதிகம், நெஞ்சுக்கறியில் குறைவு. தண்ணீரில் கரைவது என்பதால் அவித்த தண்ணீரோடும், ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகும்போது வடியும் சாற்றோடும் போய்விடும். அந்தச் சாற்றைக் கொட்டாமல் கோப்பையிலேயே ஊற்றுங்கள். தூய டோரின் தூள் உடற்பயிற்சிக்காரர்களுக்கான கடைகளில் கிடைக்கிறது. நாளைக்கு 250 மில்லிகிராம் என்பது தேவைக்கு மேலேயே வரும், மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்பதால் பயமில்லை. எனர்ஜி டிரிங்கிலும் டோரின் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் கஃபீனும் இருக்கிறது, பூனைக்கு அது நஞ்சு.

அடுத்தது விற்றமின் ஏயும் டியும். கூட்டினாலும் கேடு, குறைத்தாலும் கேடு என்ற வகை இரண்டும். நுவரெலியா கரட்டை எவ்வளவு துருவிப் போட்டாலும் பூனைக்கு விற்றமின் ஏ கிடைக்காது, கரட்டிலுள்ள கரோட்டினை மாற்றிக்கொள்ளும் வழி பூனையின் உடம்பில் இல்லை. ஈரல்தான் வழி. அதுவும் மொத்தக் கறியில் இருபதில் ஒரு பங்கு போதும், நாளைக்கு ஏழெட்டு கிராம். ஈரல் மலிவு, பூனையும் விழுந்து விழுந்து தின்கிறது என்று மாதக்கணக்கில் அதையே பிரதானமாகக் கொடுத்தால் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து, தலையைத் திருப்பி உடம்பை நக்கக்கூட முடியாமல் போகும். விற்றமின் டி விஷயத்தில், நாள் முழுக்க ஜன்னலோரம் வெயில் காய்ந்தாலும் பூனையின் தோல் போதுமான அளவு செய்யாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். தேவை நாளைக்குச் சுமார் 18 சர்வதேச அலகு. மனிதருக்கு வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 50,000 அலகுக் குளிசையில் ஒரு பூனைக்குக் கிட்டத்தட்ட எட்டு வருடத்துக்கான விற்றமின் டி இருக்கிறது. அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பழுதாகும். மீன் எண்ணெயையும் மீன் ஈரல் எண்ணெயையும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரல் எண்ணெயில்தான் இந்த இரண்டு விற்றமினும் செறிவாக இருக்கும், ஈரலும் கொடுத்து அதையும் ஊற்றக் கூடாது. அவித்த முட்டை மஞ்சட்கருவும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் சாளை மீனும் நிதானமான வழி.

மீன் என்றதும் பலர் கூடையையே கவிழ்த்துவிடுவார்கள். பல மீன்களின் பச்சைச் சதையில், கெண்டை இனத்தில் குறிப்பாக, விற்றமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. அதையே தின்னும் பூனைக்குத் தலை நெஞ்சை நோக்கித் தொங்கும், தள்ளாடும், வலிப்பு வரும். அவித்தால் அந்த நொதி செத்துவிடும், ஆகவே மீனை எப்போதும் அவித்தே கொடுங்கள். சூரையை நாள்தோறும் கொடுத்தால் இன்னொரு தொல்லை: அந்தக் கொழுப்பைக் காக்க விற்றமின் ஈ போதாமல் தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகி வலிக்கும். தொட விடாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழிக்கறியில் மங்கனீஸ், செம்பு, விற்றமின் ஈ, பி1 ஆகியவை பூனையின் தேவைக்கு எட்டாது. கோழி ஈரலில் செம்பு மாட்டீரலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அயடின்? இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்ப்பது சட்டம்தான். ஆனால் பூனையின் தேவை அதிகம், உப்பால் மட்டும் அதை நிரப்பப் போனால் கறி கருவாடாகிவிடும். மஞ்சள், வல்லாரை, தேங்காய் எண்ணெய் போடுவதால் இந்தக் குறைகளில் ஒன்றுகூடத் தீராது.

2019-இல் டேவிஸ் வளாகத்தின் ஆய்வாளர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 114 வீட்டுப் பூனையுணவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த பூனைக்குத் தேவையான எல்லாச் சத்தையும் பரிந்துரைத்த அளவில் தந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. மிருக வைத்தியர்கள் எழுதியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதனால் நான் கீழே சொல்வதையும் முழு உணவுக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிச்சயமானவை இவ்வளவு. பச்சையாகக் கொடுப்பதே சிறந்தது, அவித்தால் உயிர்ச்சத்து போய்விடும் என்ற வாதம் நிச்சயமானதல்ல. அந்த வாதத்துக்கு எப்போதும் எடுத்து வைப்பது, ஃபிரான்சிஸ் போட்டெஞ்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 1930-களில் பூனைகளில் செய்த சோதனைகள். பச்சை இறைச்சி தின்றவை செழித்தன, அவித்தது தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. பூனைக்கு டோரின் அவசியம் என்பதே அன்று யாருக்கும் தெரியாது. அவிக்கும்போது டோரின் போனது அந்த நலிவுக்குப் பெரும்பாலும் போதுமான விளக்கம், இன்று அதை ஒரு சிட்டிகைத் தூளால் ஈடு செய்யலாம். பச்சை தின்னும் பூனைக்கு மயிர் மினுக்கும், மலம் இறுகி நாற்றம் குறையும் என்று வளர்ப்பவர்கள் சொல்வதை நானும் பார்த்திருக்கிறேன். இறைச்சி அதிகமாகி மாவு குறைந்ததாலா, பச்சையாக இருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பூனைகளைப் பல வருடம் தொடர்ந்து, பச்சையையும் அவித்ததையும் ஒரே சத்தளவில் வைத்து ஒப்பிட்ட நல்ல சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை.

கிருமி விஷயத்தில் இவ்வளவு தயக்கம் எனக்கு இல்லை. பச்சைக் கோழியில் சல்மொனெல்லாவும் கெம்பைலோபெக்டரும் சர்வசாதாரணம். பூனை நோயில்லாமலே அதை மலத்தில் வெளியேற்றிக்கொண்டிருக்கும், நக்கிய வாயால் பரப்பும். கிளினிக் குளிசை மிஞ்சிய வீடு என்றால் தரையில் தவழும் பிள்ளையும் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் மறுபடி கர்ப்பமாக இருந்தால், கருவைப் பாதிக்கக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் யோசிக்க வேண்டும். பச்சை இறைச்சியிலிருந்து பூனைக்கும் அங்கிருந்து மண்ணுக்கும் மலப்பெட்டிக்கும் அது வரும். நன்றாக உறைய வைத்துச் சில நாள் விட்டால் டொக்சோபிளாஸ்மா பெரும்பாலும் சாகும், சல்மொனெல்லா சாகாது. அந்த உறைநிலையையும் நம் ஊரில் முழுதாக நம்ப முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், உறைய வைத்து விற்ற பச்சைத் தீனியைத் தின்ற பூனை பறவைக் காய்ச்சலால் செத்தது. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் பச்சை இறைச்சித் தீனிக்கு எதிராக 2012-லிருந்தே நிலைப்பாடு எடுத்திருக்கிறது. குழந்தையுள்ள வீட்டில் பச்சையாகக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

சரி, பெரிய பூனைக்கு என்ன செய்யலாம்? பாதி முழுமையான கடைத்தீனி, பாதி வீட்டுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவும் பாதியாகும், வீட்டுப் பாதியில் விட்டுப்போனதைக் கடைப்பாதி பெருமளவு ஈடு செய்யும். வீட்டுப் பாதிக்கு: எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ, கொஞ்சம் தோலோடு. பூனைக்கு வேண்டிய ஒரு கொழுப்பமிலம் விலங்குக் கொழுப்பில்தான் உண்டு. ஈரல் 50 கிராம், கிடைத்தால் கோழி இதயம் ஒரு கைப்பிடி. சின்னத் துண்டாக வெட்டி, மட்டாகத் தண்ணீர் விட்டு, உள்ளே சிவப்பு போகும் வரை அவியுங்கள். சாற்றைக் கொட்ட வேண்டாம். உப்போ வெங்காயமோ உள்ளியோ லீக்ஸோ ஒன்றும் வேண்டாம். லீக்ஸும் வெங்காயக் குடும்பம்தான், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சூப்பில் மிஞ்சிய கறியைக் கழுவிக் கொடுத்தாலும் சரிவராது. ஆறிய பிறகு இரண்டு அவித்த மஞ்சட்கரு, டோரின் தூள் 1.5 கிராம், முட்டைக்கோதுத் தூள் 5 கிராம் கலக்குங்கள். ஒரு முட்டைக்கோது காய்ந்தால் ஏறக்குறைய 5 கிராம் வரும், அதில் கல்சியம் சுமார் 2 கிராம். கோதைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, நன்றாகக் காய வைத்து, விரலில் தேய்த்தால் மாவாக இருக்கும் வரை கிரைண்டரில் அரைக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் பூனை நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கரண்டியால் அளக்காமல் கிராமுக்குக் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுங்கள். வீட்டுச் சாப்பாட்டை மட்டுமே கொடுப்பதென்றால் பூனைக்கென்று தயாரித்த முழு பிரீமிக்ஸ், அதாவது சத்துகளைச் சேர்த்துக் கலந்த தூள், தேவை. அதில் கல்சியமும் டோரினும் ஏற்கெனவே இருக்கும், அப்போது கோதுத் தூளைச் சேர்க்கக் கூடாது.

வாங்கக் கூடாதவை சில. ரோசாச் செடிக்குப் போடும் எலும்புத் தூள் சாப்பாட்டுக்கானதல்ல. மாட்டுக்குக் கொடுக்கும் மினரல் கலவையில் பொஸ்பரசும் சேர்ந்திருக்கும், உங்களுக்கு வேண்டியது கல்சியம் மட்டும். மனிதருக்கான மல்டிவிற்றமினை இன்றோடு நிறுத்துங்கள். அதில் விற்றமின் டி எவ்வளவு என்று டப்பாவின் பின்பக்கம் பார்த்து, இதுவரை கொடுத்த அளவையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்று அதில் எழுதியிருந்தால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும், பூனைக்கு அது மிகவும் ஆபத்தானது.

பெரிய பூனையின் தீனியை மாற்றுவது மட்டும் படிப்படியாக நடக்கட்டும். பழக்கமான பச்சைக்கறியின் மேல் அவித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரம், பத்து நாளில் முழுதாக மாற்றலாம். கடைத்தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தால் மணம் எழும்பும். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடுவது நாய்க்குச் சரிப்படலாம், பூனைக்கு ஆகாது. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தாலே, அதுவும் கொழுத்த பூனையென்றால், ஈரலில் கொழுப்பு படிந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். பெரியது ஒரு நாள் முழுக்க ஒன்றும் தொடாவிட்டால் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிப் போய் இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். குட்டி அரை நாள் தின்னாவிட்டால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.